பேட்ஸி மிங்க்: திருப்பி அனுப்பப்பட்டவர் தந்த சட்டம்

ஹவாயின் மாவி தீவில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே, 1927-இல் பிறந்தார் பேட்ஸி டகெமோட்டோ; மணத்துக்குப் பின் பேட்ஸி மிங்க். ஜப்பானிலிருந்து குடியேறியவர்களின் பேத்தி. டாக்டராக வேண்டும் என்பதே சிறுவயது ஆசை. விண்ணப்பித்த மருத்துவக் கல்லூரி ஒன்றுகூட இடம் தரவில்லை. சிகாகோவில் சட்டம் படித்து 1951-இல் பட்டம் பெற்றார். வேலை தர ஆளில்லை. கல்யாணமானவர், கைக்குழந்தைக்காரி என்று கைவிரித்தார்கள். ஊர் திரும்பினால் அங்கே வேறு சிக்கல்: வெளியூர்க்காரரை மணந்ததால் அவர் ஹவாய்வாசியே இல்லையாம்! அந்த விதியை எதிர்த்து வாதாடித்தான் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார்.

1956-இல் ஹவாய் சட்டசபைக்குள் நுழைந்தார். அப்போது ஹவாய் அமெரிக்க மாநிலமாகக்கூட ஆகவில்லை. 1959-இல் மாநிலமானதும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முயன்று, உட்கட்சித் தேர்தலில் டேனியல் இனோயேயிடம் தோற்றார். 1962-இல் மாநில செனட் உறுப்பினர். 1964-இல் அந்த நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்கு வென்றார். அந்தச் சபைக்குத் தேர்வான, வெள்ளையர் அல்லாத முதல் பெண் அவர்தான்.

1972-இல் வந்த கல்விச் சட்டத்திருத்தங்களின் ஒன்பதாம் பிரிவை உருவாக்கியவர்களில் சக உறுப்பினர் எடித் கிரீனும் மிங்க்கும் முக்கியமானவர்கள். மத்திய அரசின் நிதி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் வேறுபாட்டைக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். ஆங்கில மூலத்தில் அந்த மைய வாக்கியம் 37 சொற்கள். மருத்துவக் கல்லூரி வாசலும் விளையாட்டு மைதானமும் பெண்களுக்குத் திறந்ததில் அந்த 37 சொற்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

சட்டம் வந்ததோடு வேலை முடியவில்லை. அதைக் காப்பாற்ற நின்றதைத்தான் நான் மிங்க்கின் பெரிய தொண்டாக மதிக்கிறேன். 1975 ஜூலையில், ஒன்பதாம் பிரிவின் விதிகளைப் பலவீனப்படுத்தும் திருத்தம் ஒன்று சபைக்கு வந்தது. அதை எதிர்த்து முன்னின்றவர் அவரே. வாக்கெடுப்பு நேரத்தில் ஒரு தகவல் வருகிறது: வெளியூரில் படிக்கும் மகள் கார் விபத்தில் படுகாயம். எந்தத் தாய் அங்கே நிற்பாள்? கிளம்பிவிட்டார். 212-க்கு 211. ஒரே வாக்கில் திருத்தம் ஜெயித்தது. நடந்ததைச் சபாநாயகர் கார்ல் ஆல்பர்ட் உறுப்பினர்களிடம் சொன்னார். மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. இம்முறை 215-க்கு 178 என்ற கணக்கில் சட்டம் தப்பியது. மகளும் பிழைத்தாள்.

1976-இல் அமெரிக்க செனட்டுக்கு முயன்று தோற்றார். பதவி சிறிதாயிற்றே என்று பாராமல், பின்னர் ஹொனலுலு நகர மன்றத்தில் உறுப்பினராக உழைத்தார். 1990-இல் மீண்டும் பிரதிநிதிகள் சபை. 2002 செப்டம்பர் 28 அன்று காலமானபோதும் அவர் பதவியில்தான் இருந்தார். வாக்குச்சீட்டில் பெயரை மாற்ற அவகாசமில்லை. நவம்பரில் ஹவாய் வாக்காளர்கள் மறைந்தவரையே வெற்றிபெற வைத்தார்கள். ஒன்பதாம் பிரிவுக்கு அதே ஆண்டு நாடாளுமன்றம் அவர் பெயரைச் சூட்டியது.