பதினான்கு குதிரைகளின் கணக்கு

பழைய மோட்டார் வண்டிகளிடம் பற்றுடைய அன்பர்கள் நால்வர் ஓரிடத்தில் கூடினால், ஐந்தாமவர் வாய் திறக்க இடமிராது. நம் கல்கத்தாவில் ஸ்டேட்ஸ்மன் நாளேடு பல ஆண்டுகளாக நடத்தி வந்த பழங்கார் பவனியைக் கண்டவர்கள் இதனை நன்கு அறிவர். எந்த வண்டி எந்த ஆண்டில் வந்தது, வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் அமைந்தவையா தலைமேல் அமைந்தவையா, கார்பரேட்டர் ஒன்றா இரண்டா என்று வழக்காடுவதில் அவர்களுக்குத் தனி இன்பம். அவ்வழக்குகளுள் ஒன்று, ஹிந்துஸ்தான் 14 என்ற வண்டிக்கு அப்பெயர் வந்த காரணம் பற்றியது. அதன் எஞ்சினுக்குப் பதினான்கு குதிரைகளின் பலம் இருந்தது என்பார் சிலர். உண்மையில் அந்த எஞ்சின் தந்தது சுமார் 41 குதிரைச் சக்தி. அப்படியாயின் மற்ற 27 குதிரைகள் எங்கே ஒளிந்துகொண்டன? இவ்வினாவுக்கு விடை காண நாம் இங்கிலாந்தின் வரிக் கணக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1921 ஜனவரி முதல் அந்நாட்டில் மோட்டார் கார்களுக்குக் குதிரைச் சக்தி ஒன்றுக்கு ஒரு பவுன் வீதம் ஆண்டு வரி விதிக்கப்பட்டது. ஒவ்வொரு எஞ்சினையும் ஓட்டிப் பார்த்து அதன் பலத்தை அளக்க வரி அலுவலகத்தால் இயலுமா? ஆகவே ராயல் ஆட்டோமொபைல் கிளப் முன்பே வகுத்திருந்த ஒரு வாய்பாட்டைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அவ்வெண்ணை அதனாலேயே பெருக்கி, சிலிண்டர்களின் தொகையால் மீண்டும் பெருக்கி, இரண்டரையால் வகுத்தால் வருவதே வரிக்குரிய குதிரைச் சக்தி. பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணாகக் கொள்வர். ஹிந்துஸ்தான் 14இன் எஞ்சினுக்குச் சிலிண்டர் நான்கு, விட்டம் 73.5 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 2.89 அங்குலம். நம் பிள்ளைகள் காகிதமும் பென்சிலும் கொண்டு போட்டுப் பார்க்கலாம், 13.4 வரும். முழு எண்ணாக்கினால் பதினான்கு. வழக்குத் தீர்ந்தது. பெயரில் நின்றவை வரிக் குதிரைகளேயன்றி வண்டியை இழுத்த குதிரைகள் அல்ல.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. எஞ்சினின் அளவு என்பது இரண்டு எண்களாலானது. ஒன்று சிலிண்டரின் விட்டம். மற்றொன்று பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம், அதாவது அதன் ஓட்டம். இருப்புப்பாதை உத்தியோகத்தில் இருக்கும் நமக்கு இது புதிதன்று. டபிள்யூ.பி. வகை நீராவி எஞ்சினின் சிலிண்டர் இருபதேகால் அங்குல விட்டமும் 28 அங்குல ஓட்டமும் உடையது என்று பழைய பதிவேடுகளில் காண்கிறோம். இரண்டும் சேர்ந்தே பலம். மேற்கண்ட வரி வாய்பாட்டிலோ ஓட்டத்துக்கு இடமே இல்லை. எல்லா எஞ்சின்களிலும் பிஸ்டன் நிமிஷத்துக்கு ஆயிரம் அடி வேகத்தில் செல்லும் என்று வைத்துக்கொண்டு அதனை வகுத்திருந்தார்கள். மோட்டார் வண்டியின் இளமைக் காலத்தில் அது பொருந்தியிருக்கலாம். பின்னர் அது வெறும் ஏட்டுச் சுரைக்காயாயிற்று.

கிணற்றின் வாயை மட்டும் அளந்து வரி விதிக்கும் ஊரில் குடியானவன் என்ன செய்வான்? வாயைக் குறுக்கி, ஆழமாக வெட்டிக்கொள்வான். ஆங்கில எஞ்சினியர்களும் அதையே செய்தார்கள். விட்டத்தைச் சுருக்கி, ஓட்டத்தை நீட்டினார்கள். அமெரிக்காவில் பிறந்த போர்டு டி மாடலுக்கு விட்டம் மூன்றேமுக்கால் அங்குலம். அதன் உண்மைச் சக்தி 20. வரிக் கணக்கிலோ 22.5, ஆக 23 பவுன் கட்ட வேண்டியதாயிற்று. இல்லாத குதிரைகளுக்கும் தீனிச் செலவு! 1922இல் தோன்றிய ஆஸ்டின் செவன் போன்ற சிறு வண்டிகள் இங்கிலாந்தில் செழித்ததற்கு இவ்வரியும் ஒரு காரணம். பிரெஞ்சுக்காரரிடமும் இத்தகைய வரிக் குதிரை உண்டு. 1948இல் அவர்கள் காட்சிக்கு வைத்த சித்ரோவன் 2 சி.வி. என்ற வண்டியின் பெயருக்குப் பொருளே இரண்டு குதிரை என்பதுதான். அதன் எஞ்சினுக்கு இருந்ததோ சுமார் ஒன்பது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1942இல் பிர்லா குடும்பத்தார் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், முதலில் குஜராத்துக் கடற்கரையில் ஓக்கா துறைமுகத்தில் இருந்தது. 1948இல் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள உத்தர்பாராவுக்கு வந்தது. அவர்கள் முதலில் விற்ற ஹிந்துஸ்தான் 10, இங்கிலாந்தின் மாரிஸ் டென் வண்டியேயாகும். விட்டம் 63.5 மில்லிமீட்டர், அதாவது சரியாக இரண்டரை அங்குலம். வாய்பாட்டில் இட்டால் சரியாகப் பத்து. ஓட்டமோ 90 மில்லிமீட்டர். வாயைவிட ஆழம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! அதற்குப் பின் வந்ததே மாரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவிய நமது 14. இங்கே அன்பர்கள் விரும்பும் ஒரு வேடிக்கை உண்டு. முந்தைய 10இல் வால்வுகள் தலைமேல் இருந்தன. பிந்தைய 14இல் பக்கத்துக்கு இறங்கிவிட்டன. காலம் முன்னே செல்ல, எஞ்சின் பின்னே சென்றது. சிக்கனமே காரணமாயிருக்கலாம் என்பது நம் எண்ணம்.

அந்தப் பக்கவால்வு எஞ்சினே, 1,476 சி.சி. அளவோடு, 1954இல் வந்த லேண்ட்மாஸ்டரிலும் அமர்ந்தது. 1957இல் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை ஒட்டி அம்பாசிடர் பிறந்தபோதும் முதலில் அதற்குள் துடித்தது அதுவே. அம்பாசிடர் என்றாலே தலைவால்வு எஞ்சின் என்று சாதிப்பவர்கள் இதனை மறந்துவிடுகிறார்கள். 1959இல்தான் 1,489 சி.சி. அளவுள்ள பி வரிசை எஞ்சின் வந்தது. சக்தி சுமார் 55.

இந்தப் பி வரிசையின் பூர்வீகம் ஆஸ்டின் வீட்டைச் சேர்ந்தது. 1947இல் வந்த ஆஸ்டின் ஏ40 வண்டியின் 1,200 சி.சி. எஞ்சினே அதன் முன்னோர். அதன் ஓட்டம் 88.9 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அங்குலம். புதிய கார்களுக்கு வாய்பாட்டு வரி 1948க்குள் ஒழிந்து, அவை எல்லாவற்றுக்கும் ஒரே வரி என்றாயிற்று. ஆனால் சட்டத்தை மாற்ற ஒரு கையெழுத்துப் போதும். வார்ப்படங்களையும் கடைசல் இயந்திரங்களையும் மாற்றப் பெரும்பொருள் வேண்டும். ஆகவே 88.9 என்ற அந்த எண் அப்படியே நின்றுவிட்டது. அம்பாசிடரின் 1,489 சி.சி.யிலும் அதே ஓட்டம். எம்.ஜி. நிறுவனத்தின் பந்தயக் கார்களுக்காக இவ்வெஞ்சினை 1,588, 1,622, 1,798 சி.சி. என்று பெருக்கியபோதும் விட்டத்தைத்தான் குடைந்து அகலப்படுத்தினார்களே தவிர, ஓட்டத்தைத் தொடவில்லை. 1955இல் வந்த எம்.ஜி.ஏ. என்னும் ஒய்யாரமான இரட்டை இருக்கை வண்டியில் இருந்ததும் நம் அம்பாசிடரில் இருந்த அதே 1,489 சி.சி. எஞ்சின்தான், கார்பரேட்டர் இரண்டு பூட்டிச் சுமார் 70 குதிரைச் சக்தி வாங்கினார்கள். டாக்சி ஓட்டியவர்களும் பந்தயம் விட்டவர்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஓட்டினார்கள் என்பதை எண்ணும்போது நமக்கு நகைப்பு வருகிறது. அம்பாசிடரையும் பழைய வாய்பாட்டில் இட்டுப் பாருங்கள், 13.2 வரும். அதுவும் ஒரு பதினான்கே!

நீண்ட ஓட்டத்தால் வந்த நன்மை என்ன? மெதுவாகச் சுழலும்போதே இழுவை கிடைக்கும். சென்னை மெயிலிலிருந்து ஹௌராவில் இறங்கி, டிரங்குப் பெட்டியும் படுக்கைக் கட்டும் ஊறுகாய் ஜாடியுமாக ஏழு பேர் ஒரே டாக்சியில் ஏறிய குடும்பங்கள் நம் குடியிருப்பில் எத்தனையோ. கூட்டத்தினூடே பாலத்தின் ஏற்றத்தில் அவ்வண்டி நின்று நின்று ஏறியும் மூச்சுத் திணறாமைக்கு அந்த மூன்றரை அங்குலமும் ஒரு காரணம். தீமையும் உண்டு. நிமிஷத்துக்கு 4,000 சுற்று ஓடினால் அதன் பிஸ்டன் 711 மீட்டர் தூரம் போய்வர வேண்டும். வாய்பாட்டை வகுத்தவர்கள் எண்ணிய ஆயிரம் அடி சுமார் 305 மீட்டர்தான். ஆகவே அதிவேகத்தில் அது இரைந்தது, தேய்ந்தது. பம்பாயில் செய்யப்பட்ட ஃபியட் 1100இன் அளவு 1,089 சி.சி.; விட்டம் 68, ஓட்டம் 75. சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு 948 சி.சி.; விட்டம் 63, ஓட்டம் 76. ஃபியட்காரர் தம் வண்டி சுறுசுறுப்பானது என்று சொன்னதும், அம்பாசிடர்காரர் தம் வண்டி சுமை தாங்கும் என்று சொன்னதும் இரண்டும் மெய்யே. வேகமாகச் செல்ல நெடுஞ்சாலை இல்லாத அந்நாளைய இந்தியாவுக்கு, வேற்று நாட்டு வரிக்கு அஞ்சி வளர்ந்த இந்த எஞ்சின் பொருத்தமாக அமைந்தது நற்பேறு என்றே சொல்வோம். அதனை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாக மாற்றாமல் வைத்திருந்தது நற்பேறு அன்று.

டீசல் அம்பாசிடருக்கும் நெடுங்காலம் அதே 1,489 சி.சி. அளவே, சக்தி 37. 1990களின் தொடக்கத்தில்தான் ஜப்பானிய இசுஸு வழிவந்த 1,817 சி.சி. பெட்ரோல் எஞ்சின் வந்து, ஐந்து கியர்களோடு தரையில் நட்ட கியர்க் கம்பியையும் கொண்டுவந்தது. அதன் விட்டம் 84, ஓட்டம் 82. அம்பாசிடரின் வாழ்வில் முதன்முறையாக விட்டம் ஓட்டத்தை மிஞ்சியது. பழைய வாய்பாட்டில் இட்டால் 17.5, அதாவது 18 பவுன் வரி. சக்தி சுமார் 75.

ஆயினும் விற்பனை குறைந்துகொண்டே வந்தது. 2014 மே 24 அன்று உத்தர்பாரா ஆலையில் வேலை நிறுத்திவைக்கப்படுவதாக நிர்வாகம் அறிவித்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையின்றி நின்றனர். 2017இல் அம்பாசிடர் என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சு நாட்டுப் பியூஜியோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஹௌராவிலிருந்து வர்த்தமான் செல்லும் பாதையில், உத்தர்பாராவுக்கும் கொன்னகருக்கும் இடையே, ஆலைக்கென்று அமைந்த நிலையத்தின் பெயர்ப்பலகையில் மட்டும் ஹிந்த் மோட்டார் என்ற பெயர் அப்படியே இருக்கிறது. அப்பெயரிட்ட டிக்கெட்டுகளும் நாள்தோறும் விற்பனையாகின்றன.