முகவரிக்கு எத்தனை இலக்கம்?

குந்தாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 150 லைன் வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். தபால்காரருக்கோ கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டுமே கண்ணில் படும். 150-க்கு வந்த கடிதம் 50-இல் விழுந்துவிடும் அல்லவா?

கணிப்பொறியின் நினைவகத்திலும் இதே தொல்லைதான். பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய 'டிஃப்ராக்' பொறியின் நினைவகம் 2,048 சொற்களே கொண்டது. அவற்றைச் சுட்ட 11 இருமை இலக்கங்கள் போதும். 1984-இல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி.யில் 24 இலக்கங்கள். அதாவது 1,67,77,216 பைட்டுகள். மறு ஆண்டே இன்டெல் 80386 செயலி 32 இலக்கங்களுக்குத் தாவிற்று. ஆனால் வட்டுகளிலிருந்து தகவலை நேரே நினைவகத்தில் சேர்க்கும் பழைய மின்சுற்றுகள் 24-ஐத் தாண்டவில்லை! மிஞ்சிய இலக்கங்கள் அறுந்துபோய், வேறொரு தகவலின்மேல் எழுதப்பட்டால்? பிழை என்று எந்த மணியும் அடிக்காது. அதுதான் ஆபத்து.

1991-இல் பிறந்த லினக்ஸ் இயக்க முறைமை, நினைவகத்தின் முதல் 16 மெகாபைட்டைத் தனி வட்டாரமாகப் பிரித்து வைத்துக்கொண்டது. பழைய சாதனம் அங்கே இறக்கிவிடும். இயக்க முறைமையின் உட்கரு அதைப் படியெடுத்து மேலே உரிய இடத்தில் சேர்க்கும். இருமுறை சுமப்பதால் நேரம் வீண்தான். 99-ஆம் வீட்டுக்காரர் கடிதத்தை வாங்கிக்கொண்டு, மேடேறி 150-இல் கொடுத்துவிட்டு வருகிறார்.