நிறமும் ஓர் எழுத்தே

எழுத்தறியாதவரும் படிக்கவல்ல எழுத்தொன்று உலகில் உண்டு. அது நிறமே. தமிழர், சீனர், மலாய்க்காரர், ஐரோப்பியர் எனப் பல இனத்தார் கூடி வாணிபம் நடத்திவந்த ஜார்ஜ் டவுன் போன்ற துறைமுகப் பட்டினத்தில், ஒருவர் எழுத்து மற்றொருவருக்கு வெறுங்கோடும் சுழியுமேயாகும். சிவப்போ எல்லாருக்கும் சிவப்பே. ஆயினும், அச்சேறிய நிறத்தை நம்பி ஒருவர் காசு கொடுக்கவேண்டுமானால், நேற்றுக் கண்ட சிவப்பும் இன்று காணும் சிவப்பும் ஒன்றாயிருத்தல் வேண்டும். அவ்வொருமை தானே வந்ததன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட முயற்சியால் வந்தது. பினாங்கு மக்களின் கையில் புழங்கிய தபால் தலைகளைக்கொண்டே அவ்வரலாற்றைத் தொடங்குவோம்.

1854-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியத் தபால் தலைகள் வெளிவந்தபொழுது, பினாங்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியிலிருந்தது. ஆகவே அத்தலைகளே இங்கும் வழங்கின. கல்கத்தாவில் நில அளவை இலாகாவின் அச்சுக்கூடத்தில், துய்லியர் என்னும் அதிகாரியின் மேற்பார்வையில், அவற்றுட் பெரும்பாலானவை கல்லச்சு முறையில் அச்சிடப்பட்டன. அரையணாத் தலையைச் சிவப்பு நிறத்தில் வெளியிடவே முதலில் முனைந்தனர். இங்கிலாந்திலிருந்து வந்த சாதிலிங்கச் சிவப்பு மை தீர்ந்துபோயிற்று. உள்நாட்டுச் சாதிலிங்கத்தைக் குழைத்துப் பார்த்தனர். அது கல்லின்மீதிருந்த சித்திரத்தையே கெடுத்துவிட்டது. முடிவில் அரையணா நீலமாக வெளிவந்தது. அந்த நீலமும் ஒரே நீலமாக அமையவில்லை. வெளிர்நீலம் முதல் அவுரிநிறம் வரையில் பலவாக வேறுபட்டது. நாலணாத் தலையோ சட்டம் சிவப்பும் அரசியின் தலை நீலமுமாக இருமுறை அச்சேறியது. தாள் மாறி வைக்கப்பட்டதால், சிலவற்றில் விக்டோரியா அரசியார் தலைகீழாகக் காட்சியளித்தார்! ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மை, தனி அச்சு என்னும் முறையின் பயனும் தொல்லையும் இவ்வொரு தொகுதியிலேயே விளங்கக் காணலாம்.

1867-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் இந்திய ஆட்சியினின்று பிரிந்து, பிரிட்டிஷ் முடியரசின் நேரடிக் குடியேற்றமாயின. அணாக் கணக்கு நீங்கி, வெள்ளியும் காசும் அரசாங்கக் கணக்காயின. புதிய தலைகள் வரும்வரை பொறுக்க இயலாமையால், லண்டனிலிருந்த டி லா ரூ கம்பெனியார் இந்தியத் தலைகளின்மீதே கிரீடத்தையும் புதிய மதிப்பையும் அச்சிட்டுக் கொடுத்தனர். இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. பழுப்பு நிறமான ஒரே ஓரணாத் தலை மூன்று மதிப்புக்களுக்கு உதவிற்று. மேலச்சு சிவப்பாயின் 2 காசு. நீலமாயின் 3 காசு. கறுப்பாயின் 4 காசு. மதிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலம் அறியாதவருக்கு அம்மூன்றையும் பிரித்துக் காட்டியது மையின் நிறமேயன்றோ? அந்நீலம் சற்றுக் கருத்திருப்பின் யாருக்கு நட்டம் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஓர் ஊரில் பயன்பட்ட இவ்வுபாயம் பின்னர் உலகுக்கே பொதுவாயிற்று. 1897-இல் வாஷிங்டனில் கூடிய உலகத் தபால் சங்க மாநாடு, அயல்நாட்டுத் தபாலுக்குரிய நிறங்களை வகுத்தது: அச்சிட்ட தாள்களுக்குப் பச்சை, தபால் அட்டைக்குச் சிவப்பு, கடிதத்துக்கு நீலம். பல மொழி வழங்கும் உலகில் தபால் ஊழியர் தலையின் நிறத்தைக் கண்டே கட்டணத்தை அறியலாயினர். இம்முறை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கைவிடப்பட்டது. எனினும், நிறத்துக்கு விதி வகுக்கலாம் என்னும் எண்ணம் நிலைத்துவிட்டது.

நிற்க. அரசாங்கம் ஓர் அச்சுக்கூடத்தை நம்பியிருந்தது. வாணிபமோ பல அச்சுக்கூடங்களை நம்புவது. ஒரே தேயிலையின் உறை ஓரூரிலும், அதன் டப்பா வேறோர் ஊரிலும் அச்சாகின்றன. கடைப்பலகையில் இரண்டையும் அருகருகே வைத்தால், நிறம் வெளுத்தது பழைய சரக்கோ போலிச் சரக்கோ என்று வாங்குபவர் ஐயுறுவார். படங்களை அச்சிடும் நான்கு மை முறையில் நீலப்பச்சை, செவ்வூதா, மஞ்சள், கறுப்பு ஆகியவற்றின் நுண்புள்ளிகள் கலந்தே நிறம் தோன்றுகிறது. ஒரு மை சிறிது மிகினும் சாயல் திரிந்துவிடும். ஆகவே, சரக்கின் அடையாளமான நிறத்தை முன்கூட்டியே ஒரே மையாகக் குழைத்து, தனியாக அச்சேற்றுவதே உறுதியான வழி. ஆனால், 'கிளிப்பச்சை', 'இரத்தச் சிவப்பு' என்று வாயாற் சொன்னால், பத்து அச்சுக்கூடத்தார் பத்து விதமாகக் குழைப்பர்.

இக்குறையைத் தீர்த்தவர் அமெரிக்கரான லாரன்ஸ் ஹெர்பர்ட். அவருடைய பாண்டோன் கம்பெனி 1963-இல் விசிறிபோல் விரியும் நிறப்புத்தகம் ஒன்றை வெளியிட்டது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண்; எந்த மூல மை எத்தனை பங்கு என்னும் நிறைக்கணக்கும் அதனுடன் உண்டு. எண்ணைச் சொன்னால் போதும். பினாங்கிலும் லண்டனிலும் ஒரே மையைக் குழைக்கலாம். தோட்டத்தில் கணக்கெழுதும் நமக்கு இதில் வியப்பில்லை. பாலைக் கண்மதிப்பால் பதிவு செய்தால் வழக்கு வளரும். நிறுத்துப் பதிந்தால் வாய் அடங்கும். மைக்கும் அதுவே நியாயம்.

எண் ஒன்றே எல்லாம் செய்துவிடாது என்பதும் உண்மை. வழவழப்பான தாளில் மை மேலே நின்று ஒளிரும். சொரசொரப்பான தாளில் உள்ளே ஊறி மங்கும். அதனால் இருவகைத் தாளுக்கும் தனித்தனிப் புத்தகம் வைத்துள்ளனர். விளக்கொளி மாறினும் நிறம் மாறித் தோன்றும். புத்தகத்தின் நிறமே நாளடைவில் வெளுக்கும் ஆதலால், அதனையும் காலந்தோறும் மாற்றவேண்டும்.

இவற்றினும் பெரியதோர் எச்சரிக்கை உண்டு. நாணயமான வணிகருக்கு உதவும் அந்த எண், போலிச் சரக்கு விற்பவருக்கும் உதவும். உறையின் நிறத்தை அப்படியே பிடித்து, பெயரில் ஓரெழுத்தை மட்டும் மாற்றிவிட்டால், நிறத்தை மட்டும் படிக்கத் தெரிந்தவர் ஏமாறுவார். பெயரையும் படிப்பவர் தப்புவார். நிறத்தை அளந்து உலகுக்குப் பொதுவாக்கியது அறிவின் வெற்றியே. ஆயினும் நிறம் எழுத்துக்குத் துணையாகுமேயன்றி, ஒருநாளும் ஈடாகாது. உறையின் நிறம் கண்டு சரக்கை எடுக்கும் கை, அதன்மேலுள்ள பெயரையும் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளுமாக!