கல்தச்சர்களின் ஆசான்

பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தைக் கட்டியவர்களுள் ஒருவரான பியேர் த மோன்த்ரேய் பற்றி எழுதும்போது, ‘ஆர்க்கிடெக்ட்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது கிரேக்கச் சொல். ‘ஆர்க்கி’ என்றால் தலைமை. ‘டெக்டோன்’ என்றால் தச்சன். வடமொழித் ‘தக்ஷன்’ இதற்கு ஒன்றுவிட்ட உறவு. நம் ‘தச்சன்’ என்ற சொல்லையும் தமிழ்ப் பேரகராதி அந்தக் கிளையிலேயே சேர்க்கிறது. ஆனால் பியேர் காலத்துச் சான்றுகள் அவரைக் குறிக்கும் சொற்கள் வேறு.

1247ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் அவர் ‘செமெந்தாரியுஸ்’. லத்தீனில் ‘செமெந்தும்’ என்றால் வெட்டியெடுத்த கரட்டுக் கல். அந்தச் சொல்தான் பல நூற்றாண்டுகளுக்குப் பின் நம் மூட்டை சிமென்ட்டுக்குப் பெயரானது. பியேர் கையாண்டது கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்.

இன்னொரு சொல் ‘லதோமுஸ்’. அது கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்தது. கல் வெட்டுபவர் என்று பொருள். நோத்ர தாமின் தெற்கு முகப்பில், அடித்தளக் கல்வரிசையில் நீளமாக ஓடும் கல்வெட்டை இன்றும் பார்க்கலாம். இன்றைய நாட்காட்டிக் கணக்கில் 1258 பிப்ரவரியில் அந்த முகப்பு வேலை தொடங்கியதாகவும், அப்போது லதோமுஸ் ழான் தலைவராக இருந்ததாகவும் அது சொல்கிறது. இந்த ழான் த ஷெல் தொடங்கியதைப் பின்னர் ஏற்று நடத்தியவர் பியேர். அங்கே ஏறத்தாழ 13 மீட்டர் விட்டத்தில் விரியும் ரோஜா வட்டச் சாளரம் கல் வெட்டும் தொழிலின் உச்சம். கண்ணாடியைப் புகழ்கிறவர்கள், அதைத் தாங்கும் மெல்லிய கல்கம்பிகளையும் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும்.

கல் வெட்டுபவர் என்ற பெயரோடு மதிப்பும் அப்போது ஏறிக்கொண்டிருந்தது. ரேன்ஸ் நகரில் கல்தச்சர் ஊக் லிபெர்ழியேயின் கல்லறைப் பலகையைப் பாருங்கள். கற்றவர் அணியும் நீண்ட அங்கி; ஒரு கையில் தேவாலயத்தின் சிறு மாதிரி, மறு கையில் அளவுகோல். பக்கத்தில் மூலைமட்டமும் கவராயமும். பெயருக்கு முன்னால் ‘மேத்ர்’ என்ற பட்டம். ஆனால் இது சிலருக்குப் பிடிக்கவில்லை. இந்தத் தலைவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு, கோலை நீட்டி ‘இங்கே வெட்டு’ என்று சொல்வதோடு சரி, கூலி மட்டும் மற்றவர்களைவிட அதிகம் என்று நிக்கோலா த பியார் என்ற பிரசங்கி 1261 வாக்கில் கடிந்துகொண்டார்.

பியேர் 1267இல் இறந்தார். பாரிஸின் சேன் ழெர்மேன் தே பிரே மடத்தில், தாமே கட்டிய மாதா சிற்றாலயத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். மனைவி ஆஞ்ஞெஸும் அங்கேதான். கல்லறை அழிந்தாலும் அதன் வாசகம் பதிவுகளில் தப்பியிருக்கிறது: அவர் ‘தொக்தோர் லதோமோரும்’. ‘தொக்தோர்’ என்றால் கற்பிப்பவர். பாரிஸ் பல்கலைக்கழகம் இறையியல் அறிஞர்களுக்கு வழங்கிய பட்டம். அதைக் கல்லுளி பிடித்த கூட்டத்தின் தலைவருக்குத் துறவிகள் சூட்டியது பெரிய கௌரவம். அந்தச் சிற்றாலயம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. அதன் வாசல் இன்று குளூனி அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

பியேரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘கல்தச்சர்களின் ஆசான்’ என்றே எழுதுங்கள். அவர் காலத்தவர் அவருக்குக் கொடுத்த பட்டம் அதுதான்.