உள்ளே வந்தும் வராதவர்கள்

1980 ஏப்ரல் முதலாம் திகதி ஹவானாவில் ஒரு பஸ், பெரு நாட்டுத் தூதரகத்தின் கேற்றை இடித்துக்கொண்டு உள்ளே போனது. காவலர் ஒருவர் இறந்துபோனார். கஸ்ட்ரோ கோபத்தில் காவலை எடுத்துவிட, சில நாளிலேயே 10,000க்கும் மேற்பட்ட ஆக்கள் அந்த வளவுக்குள் நிறைந்துவிட்டார்கள். பிறகு, போக விரும்புறவர்கள் போகலாம் எண்டு மரியல் துறைமுகம் திறக்கப்பட்டது. அந்த வருசம் ஒக்டோபருக்குள் சுமார் 125,000 கியூபர்கள் படகுகளில் புளோரிடா போய்ச் சேர்ந்தார்கள்.

இதைப் பற்றிக் கதைக்கிறவர்கள் படகோடு நிப்பாட்டிவிடுவார்கள். எங்களை உறுத்தியது கரையேறின பிறகு நடந்ததுதான்.

அமெரிக்காவின் புதிய அகதிச் சட்டம் அதே வருசம் மார்ச்சில்தான் வந்தது. ஆனால் கார்ட்டர் அரசு இவர்களை அகதிகள் எண்டு சொல்லவில்லை. ஹெயிட்டியிலிருந்து படகில் வந்தவர்களோடு சேர்த்து 'உள்நுழைந்தோர்' எண்டு புதுசாக ஒரு பெயர் வைத்தார்கள். பக்கத்தில், நிலை இன்னும் தீர்மானிக்கப்படவில்லை எண்டு ஒரு குறிப்பு. சட்டத்தின் கண்ணுக்கோ அவர்கள் நாட்டுக்குள் நுழையவே இல்லை. தற்காலிகமாக விடப்பட்டவர்கள், அவ்வளவுதான்.

மயாமியில் சொந்தக்காரர் இருந்தவர்கள் கெதியாக வெளியே போய்விட்டார்கள். மற்றவர்களைப் பெரும்பாலும் இராணுவத் தளங்களில் வைத்தார்கள். ஆர்கன்சாவின் ஃபோர்ட் சேஃபி அதில் ஒன்று. ஐந்து வருசத்துக்கு முன் வியட்நாம் அகதிகள் இருந்த அதே இடம். (முகாம் எண்ட சொல்லை எங்கட ஊரில் ஆருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.) கைரேகை, மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் எல்லாம் முடிஞ்சாலும் ஸ்பொன்சர் ஒருத்தர் கிடைக்கும்வரை வெளியே போக ஏலாது. குடும்பங்களுக்குக் கெதியாகக் கிடைத்தது. தனி இளைஞர்கள், குறிப்பாகக் கறுப்பினத்தவர்களும் தன்பாலீர்ப்பாளர்களும், கடைசிவரை காத்திருந்தார்கள். தன்பாலீர்ப்பாளர்களைக் கியூபாவே வேண்டாம் எண்டுதான் வெளியேற்றியது. எழுத்தாளர் ரெய்னால்டோ அரெனாஸும் அப்படி வந்தவர்தான். அமெரிக்கக் குடிவரவுச் சட்டமும் 1990 வரை அவர்களுக்கு எதிராகத்தான் இருந்தது.

ஜூன் முதலாம் திகதி சேஃபியில் கலவரம் வெடித்தது, கட்டடங்கள் எரிந்தன. கஸ்ட்ரோ சிறைக் கைதிகளையும் படகில் ஏற்றினது உண்மை. ஆனால் பாரதூரமான குற்றம் செய்தவர்கள் மிகச் சிறு பங்குதான். பத்திரிகைகளோ எல்லாரையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தன.

1984இல் பெரும்பாலானோருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி கிடைத்தது. அதே வருசம் 2,746 பேரைத் திருப்பி அனுப்பவும் கியூபாவோடு ஒப்பந்தம் எழுதினார்கள். 1987இல் அது திரும்ப உயிர்பெற்றபோது அட்லாண்டா, ஓக்டேல் சிறைகளில் இருந்த கியூபர்கள் பணயக்கைதிகளைப் பிடித்துப் போராடினார்கள். அவர்களில் பலர் தண்டனைக் காலம் முடிந்தும் உள்ளே இருந்தவர்கள்.

இப்படி வந்தவர்களைக் காலவரையறையின்றி அடைத்து வைக்க ஏலாது எண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2005இல். படகு கரை தட்டி அப்போது 25 வருசம்.