சான் லொரன்சோவிலிருந்து காலி வீதிக்கு

வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் காலை வேளையில், மூன்று வயதுக் குழந்தைகள் புத்தகப்பையுடன் செல்வதைக் காணலாம். "பிள்ளை மொண்டிசோரிக்குப் போகிறது" என்பர் தாய்மார். அஃது ஒரு பெண்மணியின் பெயர் என்பதை மறந்துவிட்டோம். அவர் யாருடைய பிள்ளைகளுக்காகப் பள்ளி அமைத்தார் என்பதையும் மறந்தோம்.

மருத்துவரான மரியா மொண்டிசோரி தமது முதற் குழந்தைகள் இல்லத்தை 1907 ஜனவரி 6ஆம் நாள் திறந்தது, ரோம் நகரின் சான் லொரன்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலே. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கேட்பாரற்றுத் திரிந்த பிள்ளைகள், செப்பனிட்ட சுவர்களைப் பாழாக்கினர். சுவரைப் பற்றிய கவலையே கட்டட உரிமையாளரை ஓர் அறை ஒதுக்கச் செய்தது! அந்த அறையில் குழந்தைகள் தாமே கை கழுவவும் பொத்தானிடவும் பழகினர். எழுத்தைப் பின்னர் விரலால் தடவி அறிந்தனர்.

1939இல் பிரமஞான சபையாரின் அழைப்பை ஏற்று அடையாற்றுக்கு வந்த அவரை, யுத்தம் இந்தியாவிலேயே தங்கவைத்தது. 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். அதே ஆண்டில்தான் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் அரசாங்க சபையில் விவாதிக்கப்பட்டது. 1945 ஒக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசம் என்றார்கள், பெரிய சாதனைதான். ஆயினும் அந்தப் பாலர் வகுப்பின் கதவு ஐந்து வயதிலேதான் திறந்தது.

1933இல் வெள்ளவத்தைப் பஞ்சாலையிலே கொல்வின் ஆர். டி சில்வாவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருக்கும், கொட்டாஞ்சேனையின் துறைமுகத் தொழிலாளருக்கும் ஐந்து வயதுக்கு முந்திய பிள்ளைகள் இல்லையா? தாய் வேலைக்குப் போனால் கைக்குழந்தை அக்காளின் இடுப்பிலே ஏறியது. அந்த அக்காளுக்கு இலவசப் பள்ளியும் எட்டாமற் போனது.

1961ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்து முதல் பதினான்கு வயதினருக்குத் தனியார் புதிதாகப் பள்ளி தொடங்குவதைத் தடுத்தது. அதன் நோக்கத்தில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் ஐந்துக்குக் கீழே சந்தை தடையின்றி நுழைந்தது. முன்னறை ஒன்று இருந்தால் பெயர்ப்பலகை மாட்டலாம். மொண்டிசோரி என்ற பெயருக்கோ உரிமையாளர் எவருமில்லை. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் முன்பள்ளிகளின் மேற்பார்வையை மாகாண சபைகளிடம் கொடுத்தது. 2004இல் தேசியக் கொள்கையும் வந்தது. தனியார் முன்பள்ளியில் ஆசிரியையின் சம்பளமோ இன்றும் பெற்றோர் கட்டும் பணத்திலிருந்தே வருகிறது. பணம் கட்டுபவர் பலன் கேட்கிறார். ஆகவே நான்கு வயதுக் குழந்தை ஆங்கில எழுத்தைக் கொப்பி நிறைய எழுதுகிறது, ஆண்டிறுதியில் அங்கியும் தொப்பியும் அணிந்து 'பட்டம்' பெறுகிறது.

மலையகத்துப் பிள்ளைக் காம்பராவை நாம் ஏளனமாகப் பேசுவதுண்டு. கொழுந்து பறிக்கக் கைகள் வேண்டும் என்பதற்காகத் துரைமார் ஏற்படுத்தியது அது. சான் லொரன்சோவின் சுவர்க் கவலை போன்றதே. எனினும் தாயின் வேலைநேரத்தை அறிந்து அது திறந்திருந்தது. கொழும்பில் பெரும்பாலான முன்பள்ளிகள் நண்பகலோடு மூடிவிடுகின்றன. தாய் வேலை முடிந்து வீடு திரும்புவது மாலையில். இடைப்பட்ட நேரத்திலே கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் அம்மம்மா. அவர் இல்லையென்றால் பக்கத்து வீட்டார், அவர்களும் இல்லையென்றால் அதே அக்காள்.