ஒருவழி ஒளி: கார்னெட் படிகங்களும் காந்த ஒளியியலின் நிலைத்த பயனும்

சாளரத்தின் வழியே எதிர்வீட்டுக்காரரை ஒருவர் பார்க்க முடிந்தால், எதிர்வீட்டுக்காரராலும் அவரைப் பார்க்க முடியும். காவல்துறை விசாரணை அறைகளில் பதிக்கும் ஒருவழிக் கண்ணாடிகூட இதற்கு விலக்கல்ல. ஓர் அறையில் வெளிச்சம், மறு அறையில் இருட்டு, அங்கே நடப்பது அவ்வளவுதான். விளக்கை இடம் மாற்றினால் பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் இடம் மாறிவிடுவார்கள். வில்லை, பட்டகம், ஒளியிழை என எதை எப்படி அடுக்கினாலும் ஒளி போன வழியே திரும்பி வரவும் முடியும். இந்த இருவழிச் சமச்சீரை உடைக்க மனிதர் கண்ட வழிகளில் மிகப் பழையதும், இன்றளவும் மிக நம்பகமானதும் காந்தம்.

காந்த ஒளியியல் பொருள்கள் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவை தகவல் சேமிப்புச் சாதனங்கள்: 1970களின் காந்தக் குமிழி நினைவகம், 1990களின் மினிடிஸ்க். பணமும் விளம்பரமும் அவற்றுக்குத்தான் கிடைத்தன. ஆனால் இந்தப் பொருள்களின் உண்மையான மதிப்பு சேமிப்பில் இல்லை, ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் வேலையில்தான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். சேமிப்புத் தொழிலில் விலை குறைந்த போட்டியாளர் எப்போதும் வாசலில் நிற்பார். ஒருவழி ஒளிக்கு அத்தகைய போட்டியாளர் நெடுங்காலம் வரவே இல்லை. வந்ததாகச் சொல்லிக்கொண்ட சிலரும் சோதனையில் நிற்கவில்லை.

தொடக்கம் ஒரு வீணான முயற்சியின் மிச்சத்தில் இருக்கிறது. 1820களின் பிற்பகுதியில் தொலைநோக்கிகளுக்குத் தரமான கண்ணாடி தயாரிக்கும் திட்டத்தில் மைக்கேல் ஃபாரடே பல ஆண்டுகளைச் செலவிட்டார். ஈயமும் போரானும் கலந்த அந்தக் கனமான கண்ணாடியால் ஒளியியல் தொழிலுக்குப் பெரிய பயன் எதுவும் விளையவில்லை. 1845 செப்டம்பர் 13 அன்று, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், வேறு பல பொருள்களைக் காந்தமுனைகளருகே வைத்துப் பார்த்தும் பலன் காணாத ஃபாரடே, அந்தப் பழைய கண்ணாடித் துண்டை எடுத்து வைத்தார். அதன் வழியே சென்ற தளவிளைவுற்ற ஒளியின் அதிர்வுத் தளம் திரும்பியது. ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்பதற்குக் கிடைத்த முதல் சோதனைச் சான்று அதுதான்.

தளத்தைத் திருப்பும் பொருள்கள் வேறு சிலவும் உண்டு. சர்க்கரைக் கரைசலும் திருப்பும். ஆனால் கரைசலின் வழியே போன ஒளியைக் கண்ணாடி வைத்துத் திருப்பி அனுப்பினால், போகும்போது ஏற்பட்ட சுழற்சி வரும்போது அழிந்துவிடும். ஃபாரடே சுழற்சி அப்படி அழிவதில்லை. சுழலும் திசையைத் தீர்மானிப்பது காந்தப்புலத்தின் திசை. ஒளி செல்லும் திசைக்கு அதில் பங்கில்லை. ஆகவே போகும்போது 45 பாகை என்றால், திரும்பி வரும்போது இன்னுமொரு 45 சேர்ந்து 90 ஆகிவிடும். புறப்பட்ட இடத்தில் ஒரு தளவிளைவாக்கி இருந்தால் 90 பாகை திரும்பிய ஒளியை அது உள்ளே விடாது. ஐசோலேட்டர் என்ற சாதனத்தின் முழு இரகசியமும் இவ்வளவுதான்.

இந்த அமைப்பை 1885இலேயே ராலே பிரபு சுட்டிக்காட்டினார். அது கிளப்பிய சங்கடம் சிறியதல்ல. ஒரே வெப்பநிலையிலுள்ள இரு பொருள்களுக்கு நடுவே ஒருவழிக் கதவு வைத்தால், ஒன்று சூடாகி மற்றொன்று குளிராதா? வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்ன ஆகும்? இயற்பியலாளர் வீன் எழுப்பிய இந்த ஐயத்துக்கு ராலே 1901இல் பதிலளித்தார். தடுக்கப்பட்ட ஒளி மறைந்துவிடுவதில்லை; தளவிளைவாக்கியின் பக்கவாட்டில் வேறொரு பாதையில் வெளியேறுகிறது. அந்தப் பாதையையும் கணக்கில் சேர்த்தால் விதிக்குப் பங்கம் இல்லை. ஒளியை விழுங்கவோ வேறெங்காவது அனுப்பவோ செய்யாமல் எந்த ஐசோலேட்டரும் இயங்க முடியாது என்ற இந்தப் பாடத்தை ஒரு நூற்றாண்டு கழித்துச் சிலர் மறந்தார்கள். அதைப் பின்னர் பார்ப்போம்.

தத்துவம் கைவசம் இருந்தும் சாதனம் வர எழுபது எண்பது ஆண்டுகள் பிடித்தன. காரணம் பொருள். கண்ணாடியில் சுழற்சி மிகக் குறைவு. மெல்லிய இரும்புப் படலத்தில் அது மிக அதிகம். ஒரு சென்டிமீட்டருக்குக் கணக்கிட்டால் இலட்சக்கணக்கான பாகை வரும். ஆனால் அந்த ஒரு சென்டிமீட்டரை ஒளி கடப்பது கனவிலும் நடக்காது. சில பத்து நானோமீட்டருக்குள் இரும்பு அதை விழுங்கிவிடும். ஆகவே சுழற்சியின் அளவு மட்டும் ஒரு பொருளின் தகுதியைச் சொல்லாது. ஒரு டெசிபல் ஒளியை இழக்கும் தூரத்துக்குள் எத்தனை பாகை கிடைக்கிறது என்பதுதான் சரியான உரைகல். சுழற்சி எண்ணை மட்டும் தலைப்பில் போட்டு வெளியாகும் கட்டுரைகள் இன்றும் உண்டு. அவற்றை வாசிப்போர் இழப்பு எண்ணைத் தேடிப் பார்ப்பது நல்லது.

அந்த உரைகல்லில் தேறியது யிட்ரியம் இரும்பு கார்னெட். 1956இல் பிரான்சின் கிரெனோபிளில் பெர்ட்டோவும் ஃபொராவும், அவர்களையடுத்துத் தனியாக அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கெல்லரும் கில்லியோவும் இதை அடையாளம் கண்டனர். இதன் வாய்பாட்டில் ஐந்து இரும்பு அயனிகள். மூன்று ஒருவகை இடத்தில் அமர்ந்து ஒரு பக்கம் நோக்க, வேறுவகை இடத்தில் அமர்ந்த இரண்டு எதிர்ப்பக்கம் நோக்குகின்றன. மிஞ்சும் ஓர் அயனியின் காந்தமே படிகத்தின் காந்தம். லூயி நேல் 1948இல் விளக்கிய ஃபெர்ரி காந்தத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. கியூரி வெப்பநிலை ஏறத்தாழ 560 கெல்வின். அறை வெப்பத்தில் காந்தத்தன்மைக்கு ஆபத்தில்லை. மின்சாரத்தைக் கடத்தாததால் உலோகத்தைப் போல ஒளியை விழுங்குவதும் இல்லை. பெல் ஆய்வகத்தின் டில்லன் 1958இல் இதன் மெல்லிய சீவல்கள் வழியே ஒளியைச் செலுத்தி, உள்ளே உள்ள காந்த டொமைன்களை, அதாவது ஒரே திசையில் காந்தமேறிய சிறு பகுதிகளை, நுண்ணோக்கியில் நேரடியாகக் கண்டார்.

இந்தப் படிகம் ஏறத்தாழ 1.1 மைக்ரோமீட்டரிலிருந்து 5 மைக்ரோமீட்டர் வரை அகச்சிவப்பில் தெளிவானது. ஒளியிழைத் தொடர்பு பயன்படுத்தும் 1310, 1550 நானோமீட்டர் அலைநீளங்கள் இரண்டும் அந்தச் சாளரத்துக்குள் விழுகின்றன. 1956இல் ஒளியிழைத் தொடர்பு என்ற தொழிலே கிடையாது. யாரும் திட்டமிடாத பொருத்தம் இது.

இடையில் வந்ததுதான் குமிழி நினைவகம். கார்னெட் படலத்தில் பட்டை பட்டையாக இருக்கும் டொமைன்கள், செங்குத்தான காந்தப்புலத்தில் சுருங்கிச் சில மைக்ரோமீட்டர் அளவுள்ள உருளைகளாகின்றன. குமிழி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. பெல் ஆய்வகத்தில் ஆண்ட்ரூ போபெக் 1960களின் பிற்பகுதியில் வளர்த்த இந்தக் கருத்தை நம்பிப் பெரு நிறுவனங்கள் இறங்கின. இன்டெல் 1979இல் ஒரு மெகாபிட் சில்லை அறிவித்தது. 1982இல் வந்த கிரிட் காம்பஸ் மடிக்கணினியும் அதைத்தான் பயன்படுத்தியது. அசையும் உறுப்பு இல்லை, மின்சாரம் போனாலும் தகவல் போகாது. குறை என்னவென்றால், குமிழிகள் வரிசையில்தான் வர வேண்டும். வன்தட்டும் குறைக்கடத்தி நினைவகமும் ஆண்டுக்காண்டு விலை இறங்க, 1980களின் இறுதிக்குள் ஆட்டம் முடிந்தது.

இதைத் தோல்வி என்று எழுதிக் கடந்துவிடுவது வழக்கம். கார்னெட் ஆய்வைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. குமிழிகளுக்காகத்தான் கடோலினியம் காலியம் கார்னெட் என்ற அடித்தளப் படிகத்தைப் பெரிய கட்டிகளாக இழுத்து வளர்க்கவும், குறையின்றி வேஃபர்களாக அறுத்து மெருகிடவும் தொழிலகங்கள் கற்றன. அதன் அணிக்கோவை இடைவெளி 1.238 நானோமீட்டர், யிட்ரியம் இரும்பு கார்னெட்டுடன் ஒப்பிட்டால் வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஈய ஆக்சைடு உருகலில் இந்த வேஃபரை அமிழ்த்திப் படலம் வளர்க்கும் நுட்பமும் அப்போதுதான் முதிர்ந்தது. நினைவகம் போயிற்று, உலையும் கைத்திறனும் மிஞ்சின. குமிழிக்குச் சில மைக்ரோமீட்டர் படலம் போதும். ஐசோலேட்டருக்குச் சில நூறு மைக்ரோமீட்டர் வேண்டும். அந்தத் தடிமனை விரிசலின்றி வளர்ப்பதுதான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

தூய யிட்ரியம் இரும்பு கார்னெட்டில் 1550 நானோமீட்டரில் 45 பாகை திருப்ப ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளம் தேவை. யிட்ரியத்தின் இடத்தில் ஒரு பகுதி பிஸ்மத்தை நுழைத்தால் அரை மில்லிமீட்டர் போதும். பிஸ்மத்தில் காந்தம் இல்லை. ஆனால் கனமான அணு. அதன் எலக்ட்ரான்களில் தற்சுழற்சிக்கும் சுற்றுப்பாதைக்கும் உள்ள இணைவு வலுவானது, அருகிலுள்ள ஆக்சிஜன் வழியாக அது இரும்பையும் தொடுகிறது. வலச்சுழி, இடச்சுழி ஒளிக்கூறுகளுக்குப் படிகம் காட்டும் ஒளிவிலகல் எண்களின் வேறுபாடு இதனால் பெருகுகிறது. பிஸ்மத்துக்கு இடம் அதிகம் வேண்டும், அணிக்கோவை விரிந்துவிடும். அதற்கேற்ப அடித்தளப் படிகத்திலும் கால்சியம், மக்னீசியம், சிர்கோனியம் கலந்து அதன் இடைவெளியைப் பெருக்கினார்கள். காந்தப்புலம் தர வெளியிலிருந்து காந்தமே வேண்டாத, ஒருமுறை காந்தமேற்றினால் அப்படியே நிற்கும் படலங்களும் பின்னர் வந்தன. பொருளியல் ஆய்வின் நிதானமான வெற்றிகளில் இது ஒன்று. மினிடிஸ்க் அளவுக்குப் பேர் பெறவில்லை என்பது வேறு விஷயம்.

தேவை எங்கிருந்து வந்தது? குறைக்கடத்தி லேசர், தான் அனுப்பிய ஒளியில் சிறு துளி திரும்பி வந்தாலும் தடுமாறும். அலைநீளம் அலையும், இரைச்சல் ஏறும். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒரு வெட்டுமுகமே நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பிவிடும். 1987இல் சவுத்தாம்ப்டனிலும் பெல் ஆய்வகத்திலும் எர்பியம் ஒளியிழைப் பெருக்கி வந்த பின் தேவை இன்னும் கூடியது. இருபுறமும் எதிரொளிப்பு இருந்தால் பெருக்கியே லேசராக மாறிவிடும். கண்டங்களை இணைக்கும் கடலடிக் கம்பிகளின் பெருக்கிகளில் கார்னெட் துண்டுகள் அமர்ந்தது இப்படித்தான்.

சேமிப்பின் இரண்டாம் அலையையும் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். 1973இல் ஐபிஎம் ஆய்வகத்தில் பிரவீண் சவுதரி, குவோமோ, கேம்பினோ மூவரும் அருமண்ணும் கோபால்ட்டும் கலந்த படிகமற்ற படலங்கள் காந்தத்தைத் தளத்துக்குச் செங்குத்தாகத் தாங்கும் என்று காட்டினர். டெர்பியம், இரும்பு, கோபால்ட் கலந்த படலத்தை லேசர் சூடாக்க, காந்தம் எழுத, எதிரொளியில் ஒரு பாகைக்கும் குறைந்த கெர் சுழற்சியைக் கொண்டு படிக்க, 1992இல் சோனியின் மினிடிஸ்க் பிறந்தது. 2025 பிப்ரவரியில் வெற்றுத் தட்டுகளின் உற்பத்தியும் நின்றது. சூடாக்கி எழுதும் உத்தி மட்டும் இன்றைய வெப்பத் துணை வன்தட்டுகளில் வாழ்கிறது. அங்கே ஒளி எழுத உதவுகிறது, படிக்கும் வேலையில் அதற்கு இடமில்லை.

ஒருவழி வேலையின் உச்சத்தைக் காண ஈர்ப்பலை நோக்ககமான லைகோவைப் பார்க்கலாம். அங்கே 1064 நானோமீட்டர் லேசர். அந்த அலைநீளத்தில் இரும்பு கார்னெட் ஒளியை விழுங்கும். எனவே டெர்பியம் காலியம் கார்னெட். நூறு வாட்டையொட்டிய ஆற்றல் பாயும்போது சிறு உட்கவர்ச்சியும் படிகத்தைச் சூடாக்கித் தளவிளைவைக் கெடுக்கிறது. தீர்வு அழகானது: 22.5 பாகை வீதம் திருப்பும் இரு படிகங்கள், நடுவே 67.5 பாகை திருப்பும் குவார்ட்ஸ் துண்டு. முதல் படிகம் செய்யும் கேட்டைப் பெருமளவு இரண்டாவது ஈடுகட்டுகிறது. ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் ரஷ்யாவின் நிஜ்னி நோவ்கொரோத் ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கியது இது.

இனி அந்த மறதிக்கு வருவோம். ஒளிச் சுற்றுகள் சிலிக்கான் சில்லுக்குள் புகுந்தபோது, கார்னெட்டைச் சிலிக்கான் மேல் வளர்ப்பது பெருந்தலைவலி ஆயிற்று. அணிக்கோவை பொருந்தாது, வெப்ப விரிவு நான்கு மடங்கு வேறுபடும், படிகமாக்கத் தேவையான 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சில்லின் மற்ற பகுதிகள் பிழைப்பது கடினம். அப்படியானால் காந்தமே இல்லாமல் வடிவமைப்பால் சாதித்தால் என்ன? 2011இல் சயன்ஸ் இதழில் அப்படியொரு சிலிக்கான் அலைவழி வெளிவந்தது. ஒரு திசையில் சமமான ஒளிப்பரவல், மறுதிசையில் வேறு பரவல். மறு ஆண்டே ஸ்டான்ஃபோர்டின் ஷான்ஹூய் ஃபானும் பலரும் அதே இதழில் மறுத்தனர். அந்த அமைப்பு ஒரு பரவல் வடிவத்தை இன்னொன்றாக மாற்றுகிறது, அவ்வளவே; எல்லா வடிவங்களையும் கணக்கில் எடுத்தால் போன வழியே ஒளி திரும்பும். 2013இல் நேச்சர் ஃபோட்டானிக்ஸ் இதழில் பல குழுக்கள் கூடி எது ஐசோலேட்டர், எது அல்ல என்று விளக்கவே வேண்டியிருந்தது. நேர்கோட்டுத்தன்மையற்ற பொருள்களை வைத்துச் செய்பவையும் தப்பவில்லை: முன்னோக்கிய வலுவான ஒளி ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னோக்கி வரும் சிறு ஒளியை அவற்றால் தடுக்க இயலாது என்று 2015இல் ஃபான் குழு காட்டியது.

நேரத்தோடு பொருளின் பண்பை மாற்றிக்கொண்டே இருப்பது நேர்மையான மாற்றுவழி. ஒலியலையோ நுண்ணலையோ கொண்டு அதைச் செய்யும் சில்லுகள் வந்துவிட்டன. ஆனால் அவற்றுக்கு ஓயாமல் மின்னாற்றல் ஊட்ட வேண்டும். கார்னெட்டோ ஒன்றும் கேட்பதில்லை.

ஆகவே பிரச்சினை திரும்பவும் உலைக்கே வருகிறது. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் மிசுமோட்டோ குழு வளர்ந்த கார்னெட்டைச் சிலிக்கானோடு ஒட்டியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1990களில் ஹீலியம் அயனிகளைச் செலுத்தி, படிகத்திலிருந்து மெல்லிய ஏடுகளை உரித்தெடுத்தனர். எம்ஐடியில் லெய் பீ, கேரலைன் ராஸ் உள்ளிட்டோர் 2011இல் சீரியம் சேர்ந்த கார்னெட்டை நேரடியாகச் சிலிக்கான் ஒத்ததிர்வியின் மேல் படியவைத்து முந்நூறு மைக்ரோமீட்டருக்குள் அடங்கும் ஐசோலேட்டரைச் செய்தனர். பின்வரும் ஒளியை ஏறத்தாழ 20 டெசிபல் தடுத்தது. கடந்துபோக வேண்டிய ஒளியிலும் பெரும்பகுதி அதிலேயே தொலைந்தது. கடையில் வாங்கும் தனி ஐசோலேட்டரின் இழப்பு அரை டெசிபல் அளவில் இருக்க, தடுப்பு 30ஐத் தாண்டும். தவிர, சில்லின் மேற்புறத்தில் படிந்த கார்னெட் ஒரு தளவிளைவுக்குத்தான் ஒத்துழைக்கும். லேசர்கள் பொதுவாக உமிழ்வதோ மற்றதை. அலைவழியின் பக்கச்சுவரில் கார்னெட்டைப் படியவைத்து இதைத் தீர்த்த ஒற்றைச் சில்லுகள் 2019இல் வெளியாயின.

எதிர்வாதம் ஒன்று பாக்கி. எதிரொளிக்கு அசையாத குவாண்டம் புள்ளி லேசர்கள் வளர்ந்துவருகின்றன. லேசரே உறுதியானால் காவலாளி எதற்கு? குறுந்தூரத் தரவு மையத் தொடர்புகளில் இது நியாயமான கேள்வி, சில இடங்களில் கார்னெட் வேலை இழக்கவும் கூடும். எர்பியம் பெருக்கிகளுக்கும் லைகோ போன்ற கருவிகளுக்கும் இந்தச் சலுகை பொருந்தாது. பெருக்கிக்கு எதிரொளி ஆகாது என்பது லேசரின் குணத்தைப் பொறுத்ததல்ல. லைகோவிலோ திரும்பி வரும் ஒளி வெறும் தொல்லை அல்ல; ஐசோலேட்டர் பக்கவாட்டில் வெளியேற்றும் அந்தக் கற்றையை உணர்விகளுக்கு அனுப்பி, நான்கு கிலோமீட்டர் கைகளின் கண்ணாடிகளை நிலைநிறுத்தும் கட்டுப்பாட்டுச் சைகைகளையே அதிலிருந்து எடுக்கிறார்கள்.